தலசீமியா பிள்ளைகளின் மனசு

தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அந்த ரத்தத்தோடு வரும் இரும்பு உடம்பிலேயே தங்கிவிடும். அதை வெளியேற்றத் தொடர்ந்து மருந்து. சின்ன வயசில் அம்மா கொடுத்தால் விழுங்கிவிடுவார்கள். பதினைந்து, பதினாறில்தான் சிக்கல். உயரம் குறைவு, பருவம் தள்ளிப்போகும், அடிக்கடி லீவு, கூடப் படிக்கிறவர்களின் கேள்வி. ‘எனக்கு மட்டும் ஏன்?’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிற பிள்ளைகள் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இதயத்தில் இரும்பு படியும்.

அதட்டினால் மாத்திரை ஜன்னலுக்கு வெளியே போகும், அவ்வளவுதான்! அதே நோயோடு படித்து வேலைக்குப் போன ஓர் அண்ணனோ அக்காவோ பேசினால் காது கொடுப்பார்கள். மனநல ஆலோசகரையும் பார்க்கலாம். அதில் வெட்கம் என்ன? உங்கள் தெருவில் அப்படியொரு பிள்ளை இருந்தால் ‘பாவம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ரத்த வங்கிக்குப் போய் ரத்தம் கொடுங்கள்.