ஒகேனக்கற் பரிசலும் மீனும்
(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வலையும் ஓடமும் நம் முன்னோர்க்குச் சோறிட்ட கருவிகள் ஆகலின், இன்று ஒகேனக்கல்லைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். தருமபுரி மாவட்டத்திற் காவிரி பாறைகளினிடையே பல கிளையாய்ப் பிரிந்து வீழும் இடம் அது. நீர்த்திவலை புகைபோல் எழுதலின், கன்னடத்திற் 'புகைக்கல்' எனப் பொருள்படும் அப்பெயர் வழங்கலாயிற்று. அங்குச் செல்வோர் எண்ணெய் தேய்த்து அருவியாடுவர், மீன் உண்பர், பரிசலேறிச் சுற்றி வருவர். அதனை விளையாட்டுக் கூடையென்றே பலரும் கருதுகின்றனர். அஃது அன்று.

பரிசலைப் பரிசில் என்றும் கூறுவர். புலவர் பெற்ற பரிசில் வேறு, இது வேறு. மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி முற்காலத்தார் மாட்டுத்தோல் போர்த்தினர். பின்னாளிற் பிளாஸ்டிக் தாளும் தாரும் அவ்விடத்தைப் பெற்றன. அடி தட்டையாதலின் சிறிதளவு நீரிலும் மிதக்கும். பாறை இடித்தால் மூங்கில் வளைந்து கொடுக்கும். ஆயின் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, சுக்கானும் இல்லை. ஒருபுறமே துடுப்பிட்டால் நின்றவிடத்துப் பம்பரமாய்ச் சுழலும். ஆகலின் பரிசற்காரர் முன்விளிம்பிலிருந்து, துடுப்பை இருபுறமும் மாறிமாறி வளைத்து நீரைத் தம்பால் இழுப்பர். நீர் ஒரு முழம் ஏறினால் நேற்றைய வழி இன்று வழியன்று. நீரின் நிறத்தையும் சுழிப்பையும் நோக்கியே உள்ளிருக்கும் பாறையை அறிவர். இப்பாடம் எம்போன்ற ஆசிரியரிடம் இல்லை. தந்தையோடு பரிசலில் இருந்த மகனுக்கே வரும்.

மீன் செய்தி இதனினும் கவலைக்குரியது. 1934-இல் கீழே மேட்டூர் அணை நிறைவுற்றது. அதன் நீர்த்தேக்கத்தில் வடநாட்டு ஆறுகளுக்குரிய கட்லாவும் ரோகுவும் வளர்க்கப்பட்டன. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க ஜிலேபிக் கெண்டையும் பின்னர்க் காவிரியிற் பரவிற்று. இவை சுவையற்றவை என யான் கூறேன். ஒகேனக்கற் சட்டியில் எம்மீனும் சுவைக்கும். ஆயின் காவிரிக்கே உரியதும், ஐம்பது கிலோவுக்கு மேல் வளரத்தக்கதுமான திமிலுடை மகசீர், அணைகளாலும், வேட்டு வைத்துப் பிடித்தலாலும், வேற்றின மகசீர்க் குஞ்சுகளை ஆற்றில் விட்டமையாலும் அருகி, 2018-இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமென உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தாற் குறிக்கப்பட்டது. வலைக்குக் கண் உண்டு, சிறியதை விட்டுவிடும். வேட்டுக்குக் கண் ஏது?

கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளினின்று வெள்ளம் வருங்கால் அதிகாரிகள் பரிசலை நிறுத்திவிடுவர். அது தக்கதே, உயிரினும் கூலி பெரிதன்று. ஆயினும் தடை பல நாள் நீடித்தால் பரிசற்காரர் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்? கரையில் மீன் சமைத்துக் கொடுக்கும் மகளிர்க்கும் அந்நாளிற் கூலி இல்லை.

ஆகலின் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றேன். வெள்ளக் காலத்திற்கென ஒரு சிறு நிதி தொடங்குக. முதிய பரிசற்காரர் வழங்கும் பாறைப் பெயர், சுழிப் பெயர், மீன் பெயர்களை எழுதிவர இளைஞர் இருவரை அனுப்புக. அவர்தம் குறிப்பேடுகளைப் பார்த்துத் திருத்திப் படியெடுத்துத் தரும் வேலையை யான் ஏற்றுக்கொள்கின்றேன்.