மறைந்துபோகும் தமிழெழுத்து



பதுளையில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில், தோட்டத்து லயத்திலிருந்து சென்ற மாணவி ஒருத்தி ஆய்வேடு எழுதுவதாகக் கொள்வோம். ஏடு ஆங்கிலத்தில்; கொழுந்து பறிக்கும் பெண்கள் கூறிய விடைகள் மட்டும் தமிழில். லாடெக் என்னும் கணினி அச்சுக்கோப்பு முறையால் அதனைப் பீ.டி.எஃப். ஏடாக்க முயல்கிறாள்.

பழைய பீ.டி.எஃப்.லாடெக், தமிழெழுத்தைக் கண்டதும் பிழையென்று கூறி நின்றுவிடும். அஃது ஒருவகையில் நன்மையே. ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்ட ஸீடெக்கின் வழிவந்த ஸீலாடெக்கோ யூனிகோட் எழுத்துகளை ஏற்கும். ஆயினும், தமிழ் எழுத்துரு இன்னதென்று கட்டளையிடாவிடின், அது நிற்பதில்லை. ஏட்டை முடித்தே தரும். விடைகள் இருந்த இடத்திலோ வெற்றிடம் அல்லது வெறுங்கட்டம்! எழுத்து இல்லையென்ற செய்தி பதிவுக் கோப்பிலே ஒதுங்கிக் கிடக்கும்.

ஆதலின் செய்யத்தக்கவை சில. பதிவுக் கோப்பில் காணும் முதற் பிழையை முதலில் திருத்துக. பின்வருவன பெரும்பாலும் அதன் விளைவுகளே. ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பினால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றதோர் எழுத்துருவை அமைத்து, வரிவடிவம் தமிழென்றும் குறிக்க. இன்றேல் கொம்பும் காலும் இடம் பிறழக்கூடும். இயல், படம் இவற்றைச் சுட்டும் எண்களுக்குப் பதில் வினாக்குறி தோன்றின், மறுமுறை இயக்குக.

இறுதியாக, முடிந்த ஏட்டைத் திறந்து தமிழ்ப் பகுதியை வரிவரியாகப் படிக்க. அப்பெண்கள் சொன்ன சொல் ஆராய்வோர் கைக்கு முழுதாகச் சேரவேண்டுமாயின், அந்தச் சிறிய உழைப்பைத் தவிர்த்தல் ஆகாது.