துரோகம் என்னும் ஒரு சொல்



சைனாடவுனில் நாம் கூடியிருக்கும் இவ்விடத்திலிருந்து பேர்ல்ஸ் ஹில் குன்று நடைதொலைவுதான். அதனருகே ஊட்ரம் சிறை இருந்தது. 1915 மார்ச் 25 அன்று அச்சிறையின் வெளிச்சுவரையொட்டி இந்தியச் சிப்பாய்கள் 22 பேரை நிறுத்திச் சுட்டுக் கொன்றனர். காணத் திரண்டோர் பல்லாயிரவர். பிப்ரவரி 15 அன்று, சீனப் புத்தாண்டு விடுமுறையில் மூண்ட எழுச்சியின் விளைவு அது. அவர்கள்மேல் சாட்டப்பட்ட குற்றம் படைக்கலகம்.

அவ்வாண்டு மே மாதம் தூக்கிலிடப்பட்ட காசிம் மன்சூர் சிப்பாய் அல்லர், குஜராத்தி வணிகர். எழுச்சி மூண்டபோது அவர் காவலில் இருந்தார். இரங்கூனிலிருந்த தம் மகனுக்கு அவர் அனுப்பிய கடிதமே குற்றம். இங்குள்ள படையினர் துருக்கியின் பக்கம் சேர ஆயத்தமாயுள்ளனர், போர்க்கப்பல் ஒன்று வேண்டும் எனத் துருக்கித் தூதருக்கு விடுத்த வேண்டுகோள் அதனுடன் இருந்தது. தணிக்கையாளர் கையில் அது அகப்பட்டது. இதற்குப் பெயர் இராசத்துரோகம்.

1908இல் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தண்டிக்கப்பட்ட வழக்கையும் இராசத்துரோக வழக்கென்றே எழுதுகிறோம். அங்கே பகைநாடும் இல்லை, போர்க்கப்பலும் இல்லை, இருந்தது மேடைப்பேச்சு. பகைவருக்குத் துணைபோதல் ஒரு குற்றம், அரசின்மேல் வெறுப்பைத் தூண்டுதல் வேறொரு குற்றம் என்று ஆங்கிலேயர் சட்டமே பிரித்திருந்தது. பின்னதை அரசநிந்தனை என்று தனியே வழங்கலாம். வகுப்பறையில் நானும் இரண்டையும் கலந்து சொன்னவன்தான்.

ரோமிலோ இக்கலப்பு சட்டத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. மக்களின் மாட்சிமையைக் குலைத்த குற்றம் என்பது தொடக்கத்தில் படையைக் காட்டிக்கொடுத்தவனுக்கு உரியது. செயலுக்கே தண்டனை, சொல்லுக்கன்று என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். பேரரசர் திபேரியஸ் காலத்தில் உயர்குடியினர் ஒருவர்மேல் ஒருவர் அதனை ஏவினர். குற்றஞ்சாட்டி வென்றவனுக்குத் தண்டனை பெற்றவன் சொத்தில் நாலிலொரு பங்கு! பிறகு ஏன் வழக்குகள் பெருகா? கி.பி. 25இல் கிரெமூதியஸ் கார்டஸ் செனட் அவைமுன் நிறுத்தப்பட்டார். சீசரைக் கொன்ற புரூட்டசையும் காசியசையும் தம் வரலாற்று நூலில் புகழ்ந்தார் என்பதே வழக்கு. அவர்கள் இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. கார்டஸ் உண்ணாது உயிர்விட்டார். நூலை எரிக்கச் செனட் ஆணையிட்டது.

மன்சூரைக் கார்டஸோடு ஒரே வரிசையில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. மன்சூர் பகைவரின் கப்பலை அழைத்தவர். ஆயினும் கப்பல் வரவில்லை, கடிதம் சேரவுமில்லை. நிறைவேறாத அழைப்பு செயலா, சொல்லா என்று மாணவர்கள் வழக்காடிப் பார்க்கட்டும்.

கார்டஸின் நூற்படிகளை அவர் மகள் மார்சியா காத்துவைத்தார். கலிகுலா ஆட்சியில் அவை மீண்டும் வெளிவந்தன. மகனுக்கு மன்சூர் எழுதியதோ வழியிலேயே அரசுத் தரப்புச் சான்றாயிற்று.