வெட்டுமுன் முட்டு



பழைய வீட்டுத் திண்ணையில் நிற்கும் மரத்தூணின் அடியைக் கறையான் அரித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தேர்ந்த தச்சர் உடனே வாளை எடுத்துத் தூணை அறுக்கமாட்டார். முதலில் உத்தரத்தின் கீழே வேறொரு கட்டையை நிறுத்தி முட்டுக் கொடுப்பார். பாரம் முட்டின்மேல் இறங்கிவிட்டது என்று உறுதி கண்ட பின்னரே பழுதுபட்ட தூணைத் தொடுவார். நம் ஊர்களில் ஏட்டுக் கல்வி இல்லாத தொழிலாளரும் அறிந்த விதி இது. துருப்பிடித்த பழைய மோட்டார் காருக்கும் இதுவே விதி. இதனை நாங்கள் நஷ்டப்பட்ட பிறகே கற்றுக்கொண்டோம்.

எங்கள் தந்தையார் பிழைப்பின் பொருட்டுச் சத்தியமங்கலத்தை விட்டு மைசூருக்குக் குடியேறியவர். 1967ஆம் ஆண்டில் அவர் ஒரு ஃபியட் 1100 கார் வாங்கினார். பொங்கல்தோறும் நாங்கள் ஊருக்குச் சென்றது அதில்தான். சாமராஜநகரைக் கடந்து, ஆசனூர்க் காட்டினுள் புகுந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, பண்ணாரி அம்மன் சந்நிதியில் தேங்காய் உடைத்த பிறகே தந்தையாரின் முகம் மலரும். அயல்மொழி வழங்கும் ஊரில் வாழ்ந்த எங்களுக்குச் சொந்த ஊர் என்றாலே அந்த வண்டியின் ஓசைதான் நினைவுக்கு வரும். அவர் காலமான பின் அதனை விற்க எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை.

பல்லாண்டு கொட்டகையில் நின்ற அவ்வண்டியைச் செப்பனிட எண்ணிப் பட்டறை ஒன்றில் விட்டோம். மேற்பூச்சு நன்றாகவே இருந்தது. ஆனால் கதவுகளுக்கு அடியில், முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பெட்டிபோல் ஓடும் பகுதி இருபுறமும் உள்ளிருந்தே அரித்துப் போயிருந்தது. இதனைச் 'சில்' என்று தொழிலாளர் கூறுவர். அப்பட்டறையில் வண்டியை நடுவில் மட்டும் தாங்கி நிறுத்தி, இரு சில்களையும் ஒரே நாளில் அறுத்து எறிந்தனர். புதுத் தகட்டைப் பற்றவைத்து வண்டியைத் தரையில் இறக்கினர். நான்கு கதவுகளில் ஒன்றுகூடச் சரியாகச் சாத்தவில்லை.

காரணம் என்ன? முற்காலத்துக் கார்கள் பலவற்றில் கனத்த இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். பயணிகள் அமரும் கூடு அதன்மேல் வைத்துப் பூட்டப்படும். சென்னையில் 1960களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவ்வகையைச் சேர்ந்தது. ஃபியட் 1100, அம்பாசடர் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. அவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தளம், சில், தூண், கூரை யாவும் ஒன்றாகப் பற்றவைக்கப்பெற்று, அந்தக் கூடே எலும்பாகவும் தோலாகவும் அமைந்திருக்கிறது. முன்னே எஞ்சினும் பின்னே சக்கர வில்களும் சுமத்தும் விசையைக் கதவு வாசலின் கீழே பெரும்பாலும் தாங்கிப் பிடிப்பது சில்தான். அதனை அறுத்த மாத்திரத்தில், நடுவில் நின்ற எங்கள் வண்டியின் முன்பாகமும் பின்பாகமும் தாழ்ந்தன. கதவு வாசல் மேலே அகன்றது, கீழே குறுகியது. புதுத் தகடு அந்தக் கோணலையே நிலைபெறச் செய்துவிட்டது.

மனமுடைந்து, முதிய மேஸ்திரி ஒருவரை நாடினோம். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கன்னடியர் அவர். வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு கதவு இடுக்கில் விரலை ஓட்டிப் பார்த்து, "முட்டு எங்கே கொடுத்தார்கள்?" என்று கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

அவர் செய்த முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதற்கண் பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை அப்புறப்படுத்தினார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களின் பாரம் கூட்டில் இறங்கும் இடங்களுக்கு அருகே தாங்கிகளை வைத்தார். தவறாகப் பற்றவைத்த தகடுகளில் ஒரு புறத்தை மட்டும் விடுவித்து, ஜாக்கியால் சிறிது சிறிதாக அழுத்தி வாசலைப் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். மூலைக்கு மூலை அளந்தார். கதவைப் பொருத்திச் சாத்திப் பார்த்தார். சுற்றிலும் இடுக்கு ஒரே சீராக வந்த பிறகே முட்டுக் கட்டினார்.

முட்டுக்கு ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய் போதுமானதாயிருந்தது. முன்தூணுக்கும் நடுத்தூணுக்கும் இடையே ஒன்று நெடுக்காகவும் ஒன்று குறுக்காகவும் வைத்தார். நாற்கோணம் நசுங்கிச் சாயும், முக்கோணம் சாயாது என்பது இதன் தத்துவம். பின்வாசலுக்கும் அவ்வாறே செய்தார். இடத்தூணையும் வலத்தூணையும் மற்றொரு குழாயால் இணைத்தார். இவை யாவும் உறுதியான இரும்பின்மீதே பற்றவைக்கப்பெற்றன. அறுக்கவிருக்கும் பகுதியில் முட்டை ஊன்றினால் பயன் ஏது? மேலும், கதவைச் சாத்திப் பார்க்க இடைஞ்சல் இல்லாதபடி குழாய்கள் உட்புறமாகத் தள்ளியே அமைந்தன.

அதன் பிறகும் ஒரு புறத்தை முடித்த பின்னரே மறுபுறத்தைத் தொட்டார். புதுத் தகட்டை இறுக்கிப் பிடித்து, கதவைச் சாத்தி, இடுக்கைப் பார்த்து, அதன் பின்னரே பற்றவைத்தார். அதுவும் தொடர்ச்சியாக அன்று. இங்கே ஓர் அங்குலம், சற்றுத் தள்ளி ஓர் அங்குலம் என விட்டு விட்டு வைத்தார். சூடேறிய தகடு ஆறும்போது சுருங்கி இழுக்கும் என்பது அதன் காரணம். இரு புறமும் முடிந்து நன்கு ஆறிய பின்பே முட்டுகளை நீக்கினார். இறுதியாகச் சில்லின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைக் காட்டி, இவற்றைச் சேறு அடைத்ததே முதற்கேடு என்று கூறினார்.

மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே, பெங்களூர்ச் சாலையில், தர்மஸ்தலத்தார் நிறுவிய 'பயண' என்னும் பழங்கார்க் காட்சியகம் 2023ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கே அணிவகுத்து நிற்கும் வண்டிகளைக் காண்போர் வண்ணத்தையும் மெருகையும் வியப்பர். நாங்களோ முதலில் கதவு இடுக்குகளையே நோக்குகிறோம். அவ்விடுக்குகளே செப்பனிட்டவரின் நாணயத்துக்குச் சான்று. நேயர்களில் எவரேனும் தம் வீட்டுப் பழைய வண்டியைப் பட்டறையில் விட நேர்ந்தால், விலையைக் கேட்குமுன், முட்டு எங்கே கொடுப்பீர்கள் என்று கேட்பாராக. விடை சொல்லத் தயங்குபவரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டாம்.

எங்கள் வண்டியின் மூன்று கதவுகள் இன்று ஒரு விரல் தள்ளலில் சாத்துகின்றன. பின்புற இடக்கதவை மட்டும் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும். அத்தூண் முன்னமே முறுக்கிக்கொண்டது, இனி அதனை வருத்த வேண்டாம் என்று மேஸ்திரி கூறிவிட்டார். சென்ற பொங்கலுக்கு அவ்வண்டியிலேயே திம்பம் இறங்கினோம். பண்ணாரியில் தேங்காய் உடைத்தோம். தந்தையார் எப்போதும் அமரும் இருக்கையில் எங்கள் அன்னையார் அமர்ந்திருந்தார். கதவைத் தூக்கிச் சாத்தும் பக்குவத்தை அவர் எங்களுக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டார்.