மியூட் பொத்தான் யார் கையில்?

(பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் கூடிய அரங்கம் ஒன்றில், இணைய நேரலை வகுப்பறை மென்பொருள்களை மதிப்பிடுவது குறித்துப் பேசியது. பேச்சின் போக்கு பெரிதும் மாற்றப்படாமல் எழுத்தாக்கப்பட்டுள்ளது.)



இந்தத் தலைப்பில் பேச என்னைக் கூப்பிட்டபோது, "கவிஞருக்கும் சாஃப்ட்வேருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கவிஞனுக்கு இருக்கிறதோ இல்லையோ, வங்கிக் குமாஸ்தாவுக்கு இருக்கிறது. பகல் முழுக்க நான் ஒரு மென்பொருளுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் பெயரைப் போட்டு நுழைந்தால் என் பதவிக்குரிய கதவுகள் மட்டும் திறக்கும். ஒரு தொகைக்கு மேல் நான் பதிவு செய்யலாம், அவ்வளவுதான். அதிகாரி அவர் கணினியில் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் நகரும். மேக்கர், செக்கர் என்று இதற்குப் பெயர். பணத்தைக் காப்பதற்கு இது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இருபது விதமான கதவுகளோடு தினமும் மல்லுக்கட்டியதில் ஒன்று விளங்கியிருக்கிறது. யார் எதைச் செய்யலாம், யார் எதைப் பார்க்கலாம், யார் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த சட்டப் புத்தகம்தான் மென்பொருள். எந்தச் சட்டப் புத்தகத்திடமும் நாம் கேட்கிற கேள்வியை இதனிடமும் கேட்க வேண்டியிருக்கிறது: இதை எழுதியவர்கள் யாரை மனதில் வைத்து எழுதினார்கள்?

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று நினைக்கலாம். 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடினார்கள், பிறகு திறந்தார்கள். அந்த நாட்களில் உள்ளே வந்த இணைய வகுப்பு மட்டும் வெளியே போகவில்லை. 2021 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கலப்புமுறைக் கற்பித்தல் பற்றிய கருத்துருவில், ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்று இருந்தது. நூற்றுக்கு நாற்பது என்றால் வாரத்தின் ஐந்து நாளில் இரண்டு நாள். ஆக, எந்த மென்பொருளை வாங்குவது என்று ஒரு பல்கலைக்கழகம் குழு போடும்போது, நம் பிள்ளைகளின் படிப்பில் இரண்டு நாள் எப்படி இருக்கும் என்பதுதான் அங்கே முடிவாகிறது.

இந்தக் குழுக்கள் வழக்கமாக என்ன பார்க்கின்றன? படம் தெளிவா, எத்தனை பேர் சேரலாம், ஆசிரியருக்குச் சுலபமா, வருகைப்பதிவு தானாக வருமா, என்ன விலை. எல்லாம் மேடையிலிருந்து கேட்கப்படுகிற கேள்விகள். கடைசி பெஞ்சிலிருந்து கேட்டால் வேறு நான்கு கேள்விகள் வருகின்றன. உள்ளே வர முடியுமா? பேச முடியுமா? பேசியது யாரிடம் இருக்கும்? என் மொழியில் எழுத்து உடையாமல் வருமா?

அதற்கு முன் ஒரு சின்ன வரலாறு. ஜூம் 2011இல் தொடங்கப்பட்ட நிறுவனம். அலுவலகக் கூட்டங்களுக்காக உருவானது. கூட்டத்துக்கு வருகிறவர் எல்லாரிடமும் மேசை, கணினி, நல்ல இணைப்பு இருக்கும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. பிக்புளூபட்டன் என்று இன்னொன்று. 2007இல் கனடாவில், ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில், வகுப்பு நடத்துவதற்கென்றே தொடங்கியது. திறந்த மூலம், யாரும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். 2022இல் வந்த மூடுல் 4.0 பதிப்பிலிருந்து அதனோடு சேர்ந்தே வருகிறது. ஒன்று கூட்டத்தின் பிள்ளை, மற்றது வகுப்பின் பிள்ளை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நான்கு கேள்விக்கும் போவோம்.

முதல் கேள்வி, உள்ளே வருவது.

பள்ளிக்கூடத்தில் அம்பேத்கர் தனியாகச் சாக்கு விரித்து உட்கார வேண்டியிருந்தது, அந்தச் சாக்கையும் வீட்டிலிருந்து அவரே கொண்டுபோய்த் திரும்ப எடுத்துவர வேண்டியிருந்தது என்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். வகுப்பில் உட்கார இடத்தை நீயே கொண்டுவா என்பது அதன் பொருள். 2020இல் அரசும் கல்வி நிறுவனங்களும் நம் பிள்ளைகளிடம் சொன்னது வேறென்ன? போனை நீயே கொண்டுவா, டேட்டாவை நீயே போட்டுக்கொள். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18ஆம் ஆண்டுக் கணக்குப்படி இணைய வசதி இருந்த வீடுகள் கிராமத்தில் சுமார் 15 விழுக்காடு, நகரத்தில் 42. கணினி இருந்த வீடுகள் கிராமத்தில் நூற்றுக்கு நாலு சொச்சம். அதன்பின் போன் பெருகிவிட்டது, உண்மைதான். ஆனால் வீட்டுக்கு ஒரு போன் என்றால் அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. அந்த ஆண்டு எங்கள் கவுன்டருக்கு வந்த ஒரு பையன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "சார், ஸ்காலர்ஷிப் ஏறிடுச்சா பாருங்க சார். போன் வாங்கணும், கிளாஸ் ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சு." புத்தகத்துக்கும் விடுதிக்கும் வந்த பணம் சாக்கு வாங்கப் போனது.

நான் கணக்குப் பார்க்கிற ஆள், ஒரு கணக்குச் சொல்கிறேன். காணொளி போகவும் வரவும் நொடிக்கு 600 கிலோபிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு மணிக்கு 270 எம்.பி. வகுப்பைப் பார்த்து, தன் கேமராவையும் போட்டால் 540. ஐந்து மணி வகுப்புக்கு 2,700 எம்.பி., அதாவது 2.7 ஜி.பி. தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர் ஒன்பதரை லட்சம் பேருக்கு மேல் இலவச டேட்டா கார்டு அறிவித்தது. நாளைக்கு 2 ஜி.பி. நல்ல காரியம். ஆனால் "எல்லாரும் கேமரா ஆன் பண்ணுங்க" என்று ஆசிரியர் சொன்ன நிமிடத்தில் அந்தக் கார்டு மதியத்தோடு தீர்ந்துவிடும். அதே வகுப்பைக் குரலாக மட்டும் கேட்டால்? நொடிக்கு 80 கிலோபிட் என்று தாராளமாகவே வைப்போம். மணிக்கு 36 எம்.பி., ஐந்து மணிக்கு 180. பதினைந்தில் ஒரு பங்கு!

ஆகவே மென்பொருளைத் தேர்கிறவர் கேட்க வேண்டியது, படம் இல்லாமல் பாடம் முழுசாக வருமா என்பதை. பிக்புளூபட்டனில் ஆசிரியர் ஸ்லைடை ஏற்றினால் அது பக்கம் பக்கமாகப் படமாகப் போகிறது. பலகையில் போடுகிற கோடு கோடாகவே போகிறது. செலவு சொற்பம். அதே ஸ்லைடைத் தன் திரையைப் பகிர்ந்து காட்டினால் அது காணொளியாகி டேட்டாவைத் தின்னும். இந்த ஒரு வித்தியாசத்தை ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். இன்னொன்று: இரண்டு மென்பொருளிலும் சாதாரணத் தொலைபேசி எண்ணை அழைத்து வகுப்பைக் கேட்கிற வசதியைச் செய்துகொள்ள முடியும். பட்டன் போன் வைத்திருக்கிற பிள்ளைக்கும் பாடம் காதில் விழும். ஆனால் அதைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும், காசு கட்ட வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

இரண்டாவது, பேசுவது.

அம்பேத்கர் தண்ணீர்க் குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் இல்லாத நாளில் தாகம். இந்த வகுப்பறைகளிலும் ஒரு குழாய் இருக்கிறது. நடத்துகிறவர் எல்லோர் மைக்கையும் ஒரே அழுத்தில் மூடலாம். தாங்களாகத் திறந்துகொள்ளக் கூடாது என்றும் பூட்டலாம். பொது அரட்டை, தனி அரட்டை, குறிப்பேடு ஒவ்வொன்றுக்கும் பிக்புளூபட்டனில் பூட்டு உண்டு. நூறு பேர் வகுப்பில் ஒரே இரைச்சல், மூடத்தான் வேண்டும் என்பார்கள். சரி. மூடுவது பற்றி எனக்கு வழக்கில்லை. திறப்பதற்கு விதி என்ன? கை தூக்கியவர் வரிசை எல்லோருக்கும் தெரிகிறதா, ஆசிரியருக்கு மட்டுமா? வரிசைப்படிதான் அழைக்கிறாரா? நேர் வகுப்பில் ஆசிரியர் நம்மைத் தாண்டிப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவனுக்காவது தெரியும். இங்கே நாம் தாண்டப்பட்டதற்குச் சாட்சியே கிடையாது.

அடுத்தது பெயரும் முகமும். திரையில் முழுப்பெயர் தெரிகிறது. வட மாநிலங்களில் முழுப்பெயர் என்றால் சாதியும் சேர்ந்துதான். கேமராவைப் போட்டால் பின்னால் வீடு தெரிகிறது. கூரை, கொடியில் துணி, குறுக்கே போகிற ஆயா. வகுப்புக்குள் ஒருவன் கட்டிக் காத்த மௌனத்தை அந்தச் சன்னல் ஒரே நொடியில் உடைத்துவிடும். பின்னணிப் படம் போட்டு மறைக்கலாமே என்பார்கள். பழைய போன்களில் அது வேலை செய்யாது. மறைக்க வேண்டியவனிடம்தான் பழைய போன் இருக்கிறது. அதனால் கேமரா மாணவனின் விருப்பம் என்பது விதியாக எழுதப்பட வேண்டும். மாணவன் கவனிக்கிறானா என்று வேவு பார்க்கிற வசதி ஒன்று ஜூமில் இருந்தது. எதிர்ப்பு வந்து 2020 ஏப்ரலில் அதை நீக்கினார்கள். கேட்டால் மாறும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதே கருவியில் நமக்கு உதவுகிற இடங்களும் உண்டு. பெயர் தெரியாமல் வாக்களிக்கிற வசதி பிக்புளூபட்டனில் இருக்கிறது. "புரிந்ததா?" என்று எழுப்பி நிறுத்திக் கேட்டால் எவனும் இல்லை என்று சொல்ல மாட்டான். பெயரில்லாத வாக்கில் பாதி வகுப்பு இல்லை என்று சொல்லும். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள், கைக்குழந்தையோடு இருக்கிற பெண்கள், சக்கர நாற்காலியில் இருக்கிற தோழர்கள், இவர்களுக்கு இந்த வகுப்பறை திறந்துவிடுகிற வாசல் நிஜமானது. எனவே இதைத் தூக்கிக் கடாசு என்று நான் சொல்ல வரவில்லை.

மூன்றாவது, பதிவு.

2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடியில் நடந்தது நினைவிருக்கும். நுழைவுத்தேர்வில் சற்றுக் குறைந்த தலித், பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அங்கே ஓராண்டு ஆயத்தப் படிப்பு உண்டு. அந்த மாணவர்களின் இணைய வகுப்பில் ஆங்கிலம் நடத்திய இணைப் பேராசிரியர் ஒருவர் கூசுகிற வார்த்தைகளால் அவர்களை வைதார். எந்த அமைச்சகத்திடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள் என்று சவாலும் விட்டார். காட்சி வெளியே வந்தது, நாடு கேட்டது, மே மாதத்தில் அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். யோசித்துப் பாருங்கள். நான்கு சுவருக்குள் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒரு விசாரணைக் குழு எழுதியிருக்கும். நூறு ஆண்டாக நம் சொல்லுக்கு எதிராக அவர்கள் சொல் என்றிருந்த இடத்தில் முதல்முறையாக ஒரு சாட்சி உட்கார்ந்திருந்தது.

ஆனால் அந்தச் சாட்சி யார் வீட்டில் குடியிருக்கிறது? ஜூமில் பதிவு செய்வது நடத்துகிறவர் உரிமை. மாணவர் செய்ய அவர் அனுமதி வேண்டும். பிக்புளூபட்டனில் பதிவு பல்கலைக்கழக சர்வரில் இருக்கும். பழைய பதிப்புகளில், பதிவுக்கென்று திறந்த வகுப்பில் பொத்தானை அழுத்தாத நேரத்துப் பேச்சும் மூலக்கோப்பாகச் சில நாள் சர்வரில் கிடக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பதிவு இரண்டு பக்கமும் வெட்டும். ஆங்கிலத்தில் தடுமாறிப் பேசிய ஒரு முதல் தலைமுறை மாணவியின் குரல் ஏழு ஆண்டுக்குப் பிறகு யாருடைய கேலிக்கும் கிடைக்கக் கூடாது. எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், யார் அழிக்கலாம், புகார் வந்தால் யார் பூட்டி வைப்பார்கள்? இதற்கு எழுத்தில் பதில் இல்லாத மென்பொருளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்கக் கூடாது.

நான்காவது, மொழி.

சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ் ஸ்லைடை ஏற்றிப் பாருங்கள். சர்வர் அதைத் தன்னிடம் இருக்கிற எழுத்துருவை வைத்துத்தான் மாற்றும்; தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய பழைய பாடக்குறிப்பு என்றால் புரியாத ஆங்கில எழுத்தாகக் கொட்டும். எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக்கி ஏற்றினால் பிழைக்கும். அரட்டையிலும் பலகையிலும் தமிழில் கேள்வி எழுதிப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி விழுகிற பலகையில் எந்தப் பிள்ளை கேள்வி எழுதும்?

எதை வாங்கச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். என் சாய்வு திறந்த மூலத்தின் பக்கம்தான். பூட்டுகளின் சாவி பல்கலைக்கழகத்திடம் இருக்கும்; பல்கலைக்கழகத்தோடு நாம் சண்டை போடலாம். கடல் கடந்த கம்பெனியோடு எங்கே போய்ச் சண்டை போடுவது? ஆனால் இலவச மென்பொருள் என்றால் செலவில்லை என்று பொருளல்ல. நல்ல சர்வர் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு ஆள் வேண்டும், ஆயிரம் பேர் பேருரைக்கு அது தாங்காது. இதற்கெல்லாம் பணம் ஒதுக்காமல் நிறுவினால் மூன்றாம் நாள் படுத்துவிடும். "பார்த்தீங்களா, நம்மாளுங்க செஞ்சா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஜூமின் இலவசக் கணக்குக்கே திரும்புவார்கள். அது நாற்பது நிமிடத்தில் கதவைச் சாத்தும்.

கடைசியாக, சோதிக்கிற இடம் பற்றி. வங்கிக்குப் புது மென்பொருள் வரும்போது விற்கிறவர் தலைமையகத்தில் ஓட்டிக் காட்டுவார், குதிரை மாதிரி ஓடும். கிளைக்கு வந்தால் "லிங்க் இல்லை" என்று பலகை தொங்கும். ஆகவே துணைவேந்தர் அறையில் நடக்கிற சோதனை சோதனையே ஆகாது. ஆதிதிராவிடர் நல விடுதியில் சாயங்காலம் ஏழு மணிக்கு, எல்லாரும் போனை எடுக்கிற நேரத்தில் சோதியுங்கள். ஓடுகிற பஸ்ஸில் சோதியுங்கள். ஐந்து வருடம் பழைய, திரை விரிந்த போனில் சோதியுங்கள். இணைப்பு நடுவில் அறுந்து, திரும்ப வர எத்தனை நிமிடம் ஆகிறது, வந்தவனுக்குப் போன பாடம் கிடைக்கிறதா, வருகைப்பதிவில் அவன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்வையற்ற தோழர் ஒருவரை உட்காரவைத்து, திரைவாசிப்பானோடு அவரால் கை தூக்க முடிகிறதா என்று பாருங்கள். குழுவில் மாணவர்கள் இருக்கட்டும். அதிலும் போன் இல்லாமல் ஒரு பருவத்தைத் தொலைத்த மாணவர் ஒருவராவது இருக்கட்டும். மதிப்பெண் போடுகிற தாளில் அவர் கையெழுத்தும் வேண்டும்.

இந்த மண்டபத்தில் இருக்கிற மாணவத் தோழர்கள் நாளைக்கே பதிவாளரிடம் ஒரு மனு கொடுக்கலாம். தேர்வுக் குழுவில் யார் யார், எந்த இடத்தில் எந்தப் போனில் சோதித்தார்கள், பதிவுகளுக்கான விதி எங்கே என்று மூன்றே கேள்வி. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு.