சூளையிலிருந்து வந்த வாட்ஸ்அப்



2020 மே மாதம். ஊரடங்கு நேரம். நம் திருவள்ளூர் மாவட்டம் புதுக்குப்பத்தில் ஒரு செங்கல் சூளை. ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வந்த குடும்பங்கள் அங்கே கல் அறுத்துக்கொண்டிருந்தன. சூளை வேலை தெரியுமல்லவா? ஒருவர் மண் குழைப்பார், ஒருவர் அச்சில் வார்ப்பார், பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை பச்சைக்கல்லைப் புரட்டிக் காயவைக்கும். கணக்கு முடிந்தது, ஊருக்குப் போகிறோம் என்று கேட்டார்கள். கிடைத்தது அடி உதை. ரத்தக் காயத்தோடு கிடந்தவர்களை ஓர் இளம்பெண் செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அந்தப் படம் கைமாறிக் கைமாறித் தொண்டு நிறுவனங்களுக்குப் போனது, போலீசுக்குப் போனது. மாவட்ட நிர்வாகம் இறங்கியது. ஒரே வாரத்தில் 30 சூளைகளிலிருந்து 6,750 பேர் ஊர் திரும்பினார்கள் என்று பிபிசி எழுதியது. உலகமே படித்த அந்தச் செய்தி நம் மாவட்டத்துச் செய்தி!

அந்தப் பெண்ணின் துணிச்சலை எத்தனை பாராட்டினாலும் தகும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்திருந்தால்? யாரோ சிலர் போனை எடுத்து அதிகாரியை அழைத்தார்கள். அங்கேதான் விடுதலை தொடங்கியது.

முன்பணத்தால் ஆளைக் கட்டிவைக்கும் இந்தக் கொத்தடிமை முறையை ஒழிக்க 1976லேயே சட்டம் வந்துவிட்டது. மீட்கப்பட்டவர் கையில் விடுவிப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லையென்றால் மறுவாழ்வுப் பணத்துக்கு அலைய வேண்டும். பழைய கடனைச் சொல்லி, ஆள் பிடிக்கும் மேஸ்திரி மறுபடியும் வாசலில் நிற்பான். படம் பரவிய வேகத்தில் பாதியாவது அந்தக் காகிதத்தைக் கேட்பதில் நமக்கு இருக்க வேண்டாமா?

தம்பிகளே, இப்படி ஒரு படம் உங்களுக்கு வந்தால் முதலில் கலெக்டர் அலுவலகத்துக்கும் வருவாய்க் கோட்டாட்சியருக்கும் (ஆர்.டி.ஓ.) சொல்லுங்கள். எந்த ஊர், எந்தச் சூளை, எத்தனை பேர், என்றைக்கு நடந்தது என்று எழுதுங்கள். அடிபட்டவரின் முகத்தை மறைத்துவிடுங்கள். நாளைக்கு அவர் வேறொரு வாசலில் வேலை கேட்டு நிற்கப்போகிறவர். நடவடிக்கை எடுத்ததும் அதையும் குழுவில் போடுங்கள். பழைய படம் வருஷக்கணக்கில் சுற்றினால் புதிதாக வரும் அபயக்குரலை யாரும் நம்பமாட்டார்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நம் கும்மிடிப்பூண்டி வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாமே தமிழில்தான் ஓடுகிறது. பக்கத்து ஷெட்டில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் அதில் ஒரு வரிகூடப் புரியாது. ஒடியாவோ இந்தியோ எழுதத் தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள். இன்றைக்கு ராத்திரியே உங்களைக் குழுவில் சேர்த்துவிடுகிறோம்.