இரசத்தை வென்ற சிற்றுயிர்கள்



ஆய்வுகூடத்தில் வெப்பமானி உடைந்தால், மேசையில் உருண்டோடும் இரசத் துளிகளை விரலால் துரத்தி விளையாடியவர்கள் நாங்கள். அதன் நஞ்சை அன்று அறியவில்லை.

யப்பானின் மினமாட்டாக் குடாவில் தொழிற்சாலைக் கழிவோடு கலந்த மெதைல் இரசம், மீன்வழியே மக்களின் நரம்புகளைத் தாக்கியது. 1956இல் அந்நோய் உத்தியோகபூர்வமாக அறியப்பட்டது. கருவிலிருந்த சிசுக்களும் தப்பவில்லை. அதே குடாவின் சேற்றில், இரசத்தைத் தாங்கி வாழும் பற்றீரியாக்களை ஆய்வாளர் பின்னர் கண்டெடுத்தனர்.

அவற்றின் பலம் 'மெர்' எனும் பரம்பரையலகுத் தொகுதி. அதில் 'மெர்ஆர்' காவலாளி; இரசம் வந்ததும் மற்றவற்றை எழுப்பிவிடும். 'மெர்பி' தரும் நொதியம் காபனையும் இரசத்தையும் பிணைத்த கட்டை வெட்டும். 'மெர்ஏ' தரும் நொதியம் எஞ்சிய இரச அயனை, ஆவியாகி வெளியேறும் உலோக இரசமாக்கும்.

இத்தொகுதி பெரும்பாலும் இடம்மாறும் டிஎன்ஏ துண்டுகளில் இருப்பதால், ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும். சிலவேளை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு அடங்காத தன்மையும் கூடவே போகும். கடலில் கொட்டிய உலோகத்தின் விளைவு வைத்தியசாலைக் கட்டில்வரை வரலாம்.

பற்றீரியா இரசத்தை அழிப்பதில்லை, காற்றுக்கு அனுப்புகிறது. மழையோடு அது திரும்பிவரும். ஆகவே துப்புரவை அவற்றின் தலையில் சுமத்திவிட்டு நாம் இருந்துவிட முடியாது.

எமது ஆய்வுகூடத்தில் இரச வெப்பமானிகள் இன்னும் இருப்பின், அவற்றுக்குப் பதிலாக மதுசார வெப்பமானிகள் வாங்கித் தருவதை நூற்றாண்டுப் பணிகளில் ஒன்றாக ஏற்கிறோம். தங்கைமாருக்கு நாங்கள் விட்டுச்செல்லும் சீதனம் அதுவாகட்டும்.